பாதி சீசனில் புது குவாட்டர்பேக்கை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்தான் குவாட்டர்பேக். 2023 நவம்பர் நடுவில், அந்த விளையாட்டின் லீகான என்எஃப்எல்லில் கிரீன் பே பேக்கர்ஸ் அணி 9 ஆட்டம் ஆடி 3-ல் ஜெயித்து 6-ல் தோற்றிருந்தது. அணியின் பழைய குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸுக்குப் பின்னால் மூன்று வருடம் பெஞ்சில் காத்திருந்துவிட்டு, அந்த சீசனில்தான் முதன்முறையாக நிரந்தர ஆட்டக்காரராக இறங்கிய ஜோர்டன் லவ்வின் கணக்கில் அதுவரை 14 டச்டவுன் (எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது), 10 இன்டர்செப்ஷன் (எறிந்த பாஸை எதிரணி பிடித்துக்கொள்வது). இவர் தேற மாட்டார் என்று சொல்ல அந்த இரண்டு எண்களே போதுமென்று தோன்றும். அடுத்த 8 ஆட்டங்களில் அதே லவ் 18 டச்டவுன் எறிந்தார், இன்டர்செப்ஷன் ஒன்றே ஒன்று. அணி 9 வெற்றி, 8 தோல்வி என்று முடித்து பிளேஆஃப் என்கிற நாக்அவுட் சுற்றுக்குப் போய், டாலஸ் கவ்பாய்ஸை அவர்கள் மைதானத்திலேயே 48-32 என்று வீழ்த்தியது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அதே 2023-ல் ஹியூஸ்டனின் புதுமுகம் சி.ஜே. ஸ்ட்ரவுட் 499 பாஸில் 5 இன்டர்செப்ஷன் மட்டுமே கொடுத்தார். மறுவருடம் 532 பாஸில் 12. எறிதலை ஒரே எண்ணில் மதிப்பிடும் ரேட்டிங் 100.8-லிருந்து 87.0-க்கு இறங்கியது. ஆள் மாறவில்லை, கையும் மாறவில்லை.

பாதி சீசன் என்பது 8 அல்லது 9 ஆட்டம், ஏறக்குறைய 250 முதல் 300 பாஸ். அதில் எது அவர் கையால் நடந்தது, எது மற்றவர்களால் நடந்தது என்று பிரிக்காமல் தீர்ப்பு எழுதுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

250 பாஸை முழுக் கணக்காக எடுத்துக்கொள்வது

ஒருவரின் உண்மையான திறமை 100-க்கு 64 பாஸ் முடிப்பது, அதாவது தன் அணிக்காரர் கையில் சேர்ப்பது, என்று வைத்துக்கொள்வோம். அவர் 250 முறை எறிந்தால், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அந்த சதவீதம் 3 புள்ளி மேலேயோ கீழேயோ போகும். 6 புள்ளி நகர்ந்தாலும் ஆச்சரியமில்லை. ஆக 61-ம் 67-ம் ஒரே ஆளுடைய எண்ணாக இருக்கலாம்.

இன்டர்செப்ஷனில் நிலைமை இன்னும் மோசம். லீக் சராசரி 100 பாஸுக்கு இரண்டு, இரண்டரை. அந்தக் கணக்கில் 250 பாஸுக்கு 6 வரவேண்டும். ஆனால் 3 வந்தாலும் 9 வந்தாலும் அது சாதாரண ஏற்ற இறக்கம்தான். ஸ்ட்ரவுட்டின் முதல் வருட விகிதம் 1 சதவீதம். அப்படியே நீடிப்பது யாருக்கும் கஷ்டம். இரண்டாம் வருடம் 2.3 சதவீதம், அதாவது லீக் சராசரிக்கே வந்து சேர்ந்தார். இதோடு அவருடைய பாஸைப் பிடிக்கும் ரிசீவர்களான டேங்க் டெல், ஸ்டெஃபான் டிக்ஸ் இருவரும் காயத்தால் பாதியிலேயே போனார்கள், அவரை 52 முறை சாக் செய்தார்கள், அதாவது எறியும் முன்பே பிடித்து வீழ்த்தினார்கள். இத்தனையையும் விட்டுவிட்டு "இரண்டாம் வருடம் சறுக்கிவிட்டார்" என்று ஒரு வரியில் முடிப்பது நியாயமில்லை.

டச்டவுன் விகிதமும் இதே மாதிரி ஊசலாடும். 100 பாஸுக்கு 4, 5 என்பது வழக்கம். பாதி சீசனில் 7 என்று நின்றால், அது இறங்கும் என்று எதிர்பார்த்தே மற்ற எண்களைப் பாருங்கள்.

ரேட்டிங் எண்ணை மட்டும் நம்புவது

1973-ல் என்எஃப்எல் கொண்டுவந்த பாசர் ரேட்டிங்கில் நான்கே பொருட்கள்: முடித்த பாஸ் சதவீதம், ஒரு பாஸுக்கு எத்தனை கெஜம், டச்டவுன் சதவீதம், இன்டர்செப்ஷன் சதவீதம். ஒவ்வொன்றையும் ஒரு மதிப்பெண்ணாக மாற்றுவார்கள்; அது 0-க்குக் கீழே போகாது, 2.375-க்கு மேலே ஏறாது. நான்கையும் கூட்டி 6-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ரேட்டிங். உச்சம் 158.3. இன்றைய லீக் சராசரி 90-ஐ ஒட்டியிருக்கும்.

இதில் சாக் என்பதே இல்லை. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். இருவரும் 30 பாஸ் எறிந்து 240 கெஜம் எடுத்தார்கள்; முடித்த பாஸ், டச்டவுன், இன்டர்செப்ஷனும் சமம். ஒரு பாஸுக்கு 8. முதலாமவர் ஒருமுறை சாக் ஆகி 6 கெஜம் இழந்தார். இரண்டாமவர் 5 முறை சாக் ஆகி 35 கெஜம் இழந்தார். பாஸ் எறியப் பின்வாங்கிய எல்லா முறையையும் சேர்த்தால் முதலாமவருக்கு 7.5, இரண்டாமவருக்கு 5.9. ரேட்டிங் பலகையில் இருவரும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்பார்கள்.

அதனால் சாக்கையும் சேர்த்த கணக்கைப் போடுங்கள்: பாஸ் கெஜத்தோடு டச்டவுனுக்கு 20 வீதம் கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 45 வீதம் கழித்து, சாக்கில் இழந்த கெஜத்தையும் கழித்து, பாஸ் எண்ணிக்கையும் சாக் எண்ணிக்கையும் சேர்ந்த தொகையால் வகுக்கவேண்டும். கால்குலேட்டரில் ஒரு நிமிட வேலை. புதிய ஆட்டக்காரர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்கிற பழக்கமுள்ளவரா என்பது இதில் மறையாது.

சாக் என்றாலே குவாட்டர்பேக்கைக் காக்க முன்னால் நிற்கும் லைன்மேன்கள் மேல் பழிபோடுவது இன்னொரு தவறு. பந்து கைக்கு வந்ததிலிருந்து எறியும்வரை எத்தனை நொடி என்று பாருங்கள். இரண்டரை நொடிக்குள் ஆள் உள்ளே புகுந்துவிட்டால் லைனின் குற்றம். மூன்றரை நொடி தாண்டியும் பந்து கையிலேயே இருந்தால் குவாட்டர்பேக்கைத்தான் கேட்கவேண்டும்.

ஒரே ஒரு பாஸ் மொத்தத்தையும் தூக்கிவிடுவது

2024 அக்டோபர் 27. வாஷிங்டனின் புதுமுகம் ஜேடன் டேனியல்ஸ், சிகாகோவுக்கு எதிராக 15-12 என்று பின்தங்கிய நிலையில், ஆட்டத்தின் கடைசிப் பந்து. பன்னிரண்டு நொடிக்கு மேல் இங்கும் அங்கும் ஓடித் தப்பித்து, ஆட்டக்காரர்கள் கூடி நின்ற இடத்தை நோக்கித் தூக்கி எறிந்தார். சிகாகோவின் டைரிக் ஸ்டீவன்சன் கையில் பட்டுத் தெறித்த பந்து, பின்னால் தனியாக நின்ற நோவா பிரவுனிடம் போய் விழுந்தது. 52 கெஜ டச்டவுன், 18-15 வெற்றி.

அன்றைய கணக்கு: 38 பாஸில் 21, 326 கெஜம், 1 டச்டவுன், இன்டர்செப்ஷன் இல்லை. ரேட்டிங் 92.7. அந்த ஒரு பாஸை எடுத்துவிடுங்கள்: 37-ல் 20, 274 கெஜம், டச்டவுன் பூஜ்யம். ரேட்டிங் 78.0. ஒரே பந்து, கிட்டத்தட்ட 15 புள்ளி.

அந்தப் பாஸை அழித்துவிட வேண்டியதில்லை. அத்தனை நேரம் பிடிபடாமல் நின்றது அவருடைய திறமைதான், அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் தெறித்த பந்து எங்கே விழும் என்பது யார் கையிலும் இல்லை. இப்படிப்பட்ட பந்துகளைத் தனியே வைத்து, அவை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இரண்டு முறை கணக்குப் போட்டால் போதும். அரைப்பகுதி முடிவில் நேரத்தை நிறுத்தத் தரையில் அடிக்கும் பந்தும் முடிக்காத பாஸாகவே பதிவாகிறது. அதை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

எல்லா கெஜத்தையும் எறிந்தவர் பெயரில் எழுதுவது

ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு 2 கெஜம் பின்னால் குவாட்டர்பேக் ஸ்கிரீன் பாஸ் (பக்கத்தில் நிற்பவருக்குப் போடும் குட்டிப் பாஸ்) போடுகிறார். வாங்கியவர் மூன்று பேரை உதறிவிட்டு ஓடி 40 கெஜம் எடுக்கிறார். கணக்கில் குவாட்டர்பேக்குக்கு 40 கெஜம்! நேர்மாறாக, 35 கெஜம் தள்ளி நெஞ்சுக்கு நேராக வந்த பந்தை ரிசீவர் நழுவவிட்டால் அது முடிக்காத பாஸ். கேட்ச் விட்டால் பவுலர் கணக்கில் விக்கெட் ஏறாத மாதிரிதான்.

பாஸ்களை நான்கு கட்டமாகப் பிரியுங்கள்: கோட்டுக்குப் பின்னால், 0 முதல் 9 கெஜம், 10 முதல் 19, 20-க்கு மேல். பந்து காற்றில் போன தூரம் தனி, பிடித்த பின் ஓடிய தூரம் தனி. 10 முதல் 19 கெஜக் கட்டத்தில், மைதானத்தின் நடுப்பகுதியில் எறிவதுதான் மிகவும் பேசும் எண். அங்கே டிஃபென்ஸின் நடுவரிசையில் நிற்கும் லைன்பேக்கரின் தலைக்கு மேலும், கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டிக்கு முன்னாலும் பந்தை இறக்கவேண்டும்; நேரமும் பார்வையும் கையும் மூன்றும் வேண்டும். புதியவர் அந்தப் பக்கமே எறியாமல் ஓரத்திலும் ஸ்கிரீனிலும் 68 சதவீதம் காட்டினால், அந்த 68-ஐ வைத்து மகிழ வேண்டாம்.

பிளே ஆக்‌ஷனையும் பிரியுங்கள். ஓடுபவரிடம் கொடுப்பதுபோல் ஏமாற்றி எறியும்போது ஏறக்குறைய எல்லாருக்கும் கெஜம் கூடும். அதில் பாதிப் புகழ் பயிற்சியாளருக்கு. ரிசீவர்கள் யார் என்பதும் முக்கியம். லவ்வுக்கு 2023-ல் கிடைத்தவர்கள் பெரும்பாலும் முதலாம், இரண்டாம் வருட ஆட்டக்காரர்கள். பஃபலோவின் ஜாஷ் ஆலன் 2018-ல் 52.8 சதவீதம், 2019-ல் 58.8, டிக்ஸ் வந்து சேர்ந்த 2020-ல் 69.2. ஆலனும் உழைத்து மாறினார், சந்தேகமே இல்லை. ஆனால் எந்தப் பங்கு யாருடையது என்று கேட்காமல் விடக்கூடாது.

இன்டர்செப்ஷனை எண்ணுவது, பார்க்காமல் விடுவது

பத்து இன்டர்செப்ஷன் என்றால் பத்தையும் வீடியோவில் போட்டுப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியைச் செலவழிக்காதவர் அவற்றைப் பற்றிப் பேசவே கூடாது என்பது எங்கள் கருத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதுங்கள்: டிஃபென்ஸைத் தவறாகப் படித்தாரா, சரியாகப் படித்துக் குறி தவறியதா, ரிசீவர் கையில் பட்டுத் தெறித்ததா, எறியும்போது கையில் அடிபட்டதா, ரிசீவர் வேறு பக்கம் திரும்பிவிட்டாரா, நேரம் முடியும்போது எறிந்த குருட்டு எறிதலா.

முதல் இரண்டுதான் அவருடையவை. குறி தவறுவதைத் திருத்தலாம். பெரும்பாலும் முன்கால் இலக்கை நோக்கி இறங்காமல் பின்காலிலேயே எடை நின்றிருக்கும், பந்து உயரமாகப் போகும். தவறாகப் படிப்பதில் ஒரே மாதிரியான தவறு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். இரண்டு சேஃப்டிகள் ஆழத்தில் நின்று, பந்து நகர்ந்ததும் ஒருவர் கீழே இறங்கிவிடுகிற வேடத்தில் மூன்று முறை ஏமாந்திருந்தால், அடுத்த எட்டு எதிரணியும் அதையே போடும்.

எதிரணி கைக்கு வந்து நழுவவிட்ட பாஸ்களையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு இன்டர்செப்ஷன், நழுவிப்போனது ஏழு என்று இருந்தால், அந்த "இரண்டு" இரவல் வாங்கியது.

எதிராளி யாரென்று பார்க்காதது

ஒருவர் ஒரு ஆட்டத்தில் பாஸுக்கு 7 கெஜம் எடுத்தார். நல்லதா கெட்டதா? அந்த டிஃபென்ஸ் மற்றவர்களுக்கு 7.8 கொடுத்திருந்தால் இவர் சுமார், 6.1 கொடுத்திருந்தால் அபாரம். இதில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. டிஃபென்ஸின் சராசரியைக் கணக்கிடும்போது இவருடைய ஆட்டத்தை நீக்கிவிட வேண்டும். 8 ஆட்டத்தில் ஒன்று என்றால் எட்டில் ஒரு பங்கு. இவரை இவரோடே ஒப்பிட்டதாகிவிடும்.

நான்காம் பகுதியில் 17 புள்ளிக்கு மேல் முன்னிலையிலோ பின்னிலையிலோ இருந்தபோது எறிந்தவற்றையும் ஒதுக்கிவையுங்கள். முன்னிலையில் உள்ள அணி ஆழத்தை மூடிவிட்டுச் சின்னச் சின்ன பாஸ்களை விட்டுக்கொடுக்கும். மழையை எல்லாரும் குறிப்பார்கள், காற்றை மறந்துவிடுவார்கள். நீண்ட பாஸைக் கெடுப்பதில் பலத்த காற்றுதான் பெரிய எதிரி.

சூழ்நிலையும் கணக்கில் வரவேண்டும். 10 கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. மூன்றாம் முயற்சியில் 8 கெஜம் வேண்டியபோது 6 எடுத்தால் தோல்வி. 2 வேண்டியபோது 3 எடுத்தால் வெற்றி. வெறும் கெஜக் கணக்கு இதை மாற்றிச் சொல்லும். எதிர்பார்க்கும் புள்ளி எவ்வளவு கூடியது, குறைந்தது என்று பந்துக்குப் பந்து சொல்லும் தரவு என்எஃப்எல்வெர்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல், இரண்டாம் முயற்சிகளிலும், யாரும் நெருக்காமல் நின்று எறியும்போதும் ஒருவர் எப்படி ஆடுகிறார் என்பதே அதிகம் மாறாமல் நிற்கும் எண். மூன்றாம் முயற்சியிலும் நெருக்கடியிலும் வரும் எண்கள் வாரத்துக்கு வாரம் குதிக்கும். புதியவரைப் புகழ்வதும் திட்டுவதும் பெரும்பாலும் குதிக்கிற எண்ணை வைத்துத்தான்.

கடைசியாக, பாதிக்குப் பிறகு என்ன பார்ப்பது? ஒவ்வொரு அணியும் தன் டிவிஷனில், அதாவது நான்கு அணிகள் கொண்ட தன் பிரிவில், உள்ள மற்ற மூன்று அணிகளோடு இருமுறை மோதும். இரண்டாம் மோதலில் எதிரணிப் பயிற்சியாளரிடம் அவரைப் பற்றிய முழு வீடியோவும், முதல் சந்திப்பில் எது பலித்தது என்ற குறிப்பும் இருக்கும். இருவருமே மற்றவரைப் படித்துவிட்டு வருவதால் இதைவிடக் கறாரான பரீட்சை கிடைக்காது. முதல் மோதலில் ஏமாந்த அதே வேடத்தை அவர்கள் மறுபடி போடும்போது பந்து எத்தனை நொடியில், எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். 2023 செப்டம்பர் 28-ல் டெட்ராய்ட் லயன்ஸிடம் சொந்த ஊரில் தோற்றபோது லவ் எறிந்தது 1 டச்டவுன், 2 இன்டர்செப்ஷன். எட்டு வாரம் கழித்து, நன்றி நவிலல் நாளன்று டெட்ராய்ட்டில், அதே லயன்ஸுக்கு எதிராக 3 டச்டவுன், இன்டர்செப்ஷன் இல்லை. 29-22 வெற்றி.