மோச்சே முகச் சாடிய எப்படிப் பாக்கணும்

பெருவோட வடக்குக் கடற்கரைல சுமாரா கி.பி. 100லருந்து 800 வரைக்கும் வாழ்ந்த மோச்சே மக்கள் மனுஷ முகம் மாதிரியே செஞ்ச சாடிங்க இது, பெரு தலைநகர் லிமாவுல லார்கோ மியூசியத்துல நிறைய இருக்கு. முதல்ல மேல பாருங்க, ரெண்டு குழாய் வளைஞ்சு ஒண்ணா சேர்ந்து வாயாகும். அச்சுல களிமண்ண அமுக்கி செஞ்சதால ஒரே முகம் பல சாடில வரும். தலைத்துணி, காதணிய வச்சு அந்தஸ்த ஓரளவு ஊகிக்கலாம், பெரும்பாலும் ஆம்பளைங்கதான்.

அப்புறம் அவசரப்படாம முகத்துலயே நில்லுங்க. உதட்டுல வெட்டுத் தழும்போட ஒருத்தர் இருக்காரு, அவர சின்னப் பையனா, வாலிபனா, முப்பது வயசு ஆளா தனித்தனியா செஞ்சிருக்காங்க, கிறிஸ்டோபர் டொனன்ங்கற ஆய்வாளர் இத தேடித்தேடி சேத்து வச்சாரு, எனக்கு பாக்குறப்பல்லாம் சிலிர்க்கும். கழுத்துல கயிறோட முழு உருவம்னா போர்க் கைதி. கடைசியா தேய்மானத்த தேடுங்க, செத்தவங்களோட கல்லறைல வைக்கிறதுக்கு முன்னாடி புழங்குன சாடியும் இருக்கு.