கவுண்டி கண்காட்சிக்குப் பன்றியைத் தயார்ப்படுத்துவது எப்படி?

அமெரிக்காவின் அயோவா, இந்தியானா, ஒஹாயோ போன்ற மாநிலங்களில் கோடை வந்துவிட்டால் கவுண்டிதோறும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பகுதி) கால்நடைக் கண்காட்சி நடக்கும். 4-எச் என்ற இளையோர் மன்றங்களிலும், வேளாண்மை பயிலும் மாணவர்களுக்கான எஃப்எஃப்ஏ அமைப்பிலும் உள்ள பிள்ளைகள், தாங்களே வளர்த்த பன்றிகளை அங்கே நடுவர் முன்னிலையில் நடத்திக் காட்டுவார்கள். முதன்முறை களமிறங்கும் பிள்ளைக்கும் பெற்றோருக்குமானது இந்த வழிகாட்டி.

இறைச்சிப் பிரிவில் நிறுத்தும் பன்றி, ஏறத்தாழ ஆறு மாத வயதில் 120 முதல் 130 கிலோ வரை இருப்பது நல்லது. ஆகவே ஜூலை இறுதியில் கண்காட்சி என்றால், ஜனவரி பிற்பகுதியில் பிறந்த குட்டியைத் தேடுங்கள். ஹாம்ப்ஷயரா, டியூரோக்கா என்று இனத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் நடையைப் பாருங்கள். முன்கால் பதிந்த தடத்திலேயே பின்கால் குளம்பும் விழுந்தால் அது நல்ல நடை. காலை வெட்டி வெட்டி வைக்கும் குட்டி எவ்வளவு சதைப்பிடிப்பாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். கண்காட்சிக்கு 56 நாள் இருக்கும்போது பன்றி 75 கிலோ என்றால், 125 கிலோவை எட்ட நாளொன்றுக்கு ஏறக்குறைய 900 கிராம் கூட வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தீவனத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். கடைசி வாரத்தில் பட்டினி போட்டு எடையைச் சரிசெய்ய நினைப்பது பன்றிக்குச் செய்யும் கொடுமை.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் முக்கியமானது நடைப்பயிற்சிதான். முதல் சில நாள்கள் பிரம்பையே தொடாமல், கொட்டிலுக்குள் உட்கார்ந்து அதன் வயிற்றைச் சொறிந்து கொடுங்கள். உங்கள் குரலுக்குப் பழகிய பிறகு வெளியே விடலாம். முன்னே செல்ல விலாவில் மெல்லத் தட்ட வேண்டும்; இடப்பக்கம் திரும்ப வலத் தாடையிலும், வலப்பக்கம் திரும்ப இடத் தாடையிலும் தட்ட வேண்டும். முதுகிலும் தொடையிலும் அடித்தால் இறைச்சியில் இரத்தம் கட்டும், பன்றியும் மிரளும். பன்றியின் இயல்பு மூஞ்சியால் மண்ணைக் கிளறுவது என்பதால், தலையைத் தூக்கி நடக்க அதைப் பழக்குவதற்கே பல வாரங்கள் பிடிக்கும். அதிகாலையில் பத்து நிமிடத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். நிழல் விழும் இடம், நீர் தேங்கிய தரை, மாறுபட்ட மண் ஆகியவற்றின் முன் அது திடுக்கென்று நின்றுவிடும்; அங்கே தள்ளாமல், அது முகர்ந்து பார்க்கும்வரை காத்திருங்கள்.

பன்றிக்கு வியர்வையால் உடலைக் குளிர்விக்க முடியாது. வெயில் நாளில் நிழலும் காற்றோட்டமும் தண்ணீரும் குறையக் கூடாது. குளிப்பாட்டும்போது மென்மையான சோப்பும் பிரஷும் போதும். காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய், பவுடர் பூசப் பல கண்காட்சிகளில் தடை உண்டு. உங்கள் கண்காட்சியின் விதிப்புத்தகத்தை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

அரங்கில் நடுவருக்கும் உங்களுக்கும் நடுவே எப்போதும் பன்றி இருக்க வேண்டும். நடுவரிடமிருந்து மூன்று, நான்கு மீட்டர் தள்ளி நடத்தினால் பன்றியின் முழு உருவமும் அவருக்குத் தெரியும். பிறந்த தேதி, எடை, தீவனத்தின் புரத விகிதம், அடையாளத்துக்காகக் காது விளிம்பில் வெட்டியிருக்கும் குறியின் பொருள் ஆகியவற்றை நடுவர் கேட்பார். வலக்காதில் ஈற்றின் எண்ணும், இடக்காதில் அந்தக் குட்டியின் எண்ணும் இருக்கும். இரு பன்றிகள் சண்டையிட்டால் கையை இடையே விடாதீர்கள். பலகையோடு நிற்கும் பணியாளர்கள் பிரித்துவிடுவார்கள்.

2012-இல் கண்காட்சிப் பன்றிகளிடமிருந்து 300-க்கும் மேற்பட்டோருக்கு இன்ஃப்ளூயன்சா தொற்றியது. ஆகவே கொட்டகைக்குள் எதையும் உண்ணாதீர்கள். வெளியே வந்ததும் சோப்பால் கை கழுவுங்கள். காய்ச்சலோ இருமலோ உள்ள பன்றியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பல கண்காட்சிகளில் இறைச்சிப் பிரிவுப் பன்றி வீடு திரும்பாது. அங்கிருந்தே இறைச்சிக்கூடத்துக்கு லாரி ஏறிவிடும். இதைக் குட்டி வாங்கும் நாளிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். கடைசி நாளில், லாரி வருவதற்கு முன் கொட்டிலில் அதன் அருகே சற்று நேரம் உட்கார்ந்திருக்கவும் விடுங்கள்.