பனியன் நூலில் பிரேக்கியல் பிளெக்ஸஸ் செய்வது எப்படி?

பிசியோதெரபி முதல் வருடத்தில் என்னை அழவிட்டது பிரேக்கியல் பிளெக்ஸஸ்தான். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல். பத்து தடவை படம் வரைந்தும் மறுநாள் மறந்துபோகும். கடைசியில் நூலை எடுத்து நானே செய்து பார்த்தேன். திருப்பூரில் நூலுக்கா பஞ்சம்!

நேராக வேலைக்குப் போவோம்.

தேவை: தெர்மாகோல் அட்டை, குண்டூசி, ஐந்து நிறத்தில் பருத்தி நூல். எம்பிராய்டரி நூல் வழுக்கும், கம்பளி நூல் பிசிறடிக்கும். பனியன் கம்பெனி மிச்ச நூலை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

படி 1: அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஐந்து ஊசி: சி5, சி6, சி7, சி8, டி1. தண்டுவடத்திலிருந்து வரும் நரம்புகளின் பெயர்கள் இவை; சி என்றால் கழுத்து, டி என்றால் மார்பு. ஊசிக்கு ஒரு நிறம், ஒவ்வொன்றிலும் நான்கு இழை.

ஏன் நான்கு? நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். முதல் தடவை ஊசிக்கு ஒரே இழை கட்டினேன். இரண்டைச் சேர்த்தாகிவிட்டது, அடுத்து பிரிக்க வேண்டும். எதைப் பிரிப்பது? வெட்டி, முடிச்சுப் போட்டு, அது ஒரு சிக்குப் பந்தாகிவிட்டது. அந்தக் காலத்தில் கைத்தறிக்குப் பாவு ஓட்டிய என் அமுச்சி (அம்மாவின் அம்மா) எட்டிப் பார்த்துச் சொன்னது: "முடிச்சுப் போட்டீன்னா அப்பறம் எப்படி கண்ணு பிரிப்ப? இழையைச் சேத்திப் புடி, போதும்."

பாடமே அதில் இருக்கிறது. பின்னலுக்குள் நரம்பிழைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. தண்டுவடத்திலிருந்து கிளம்பும், தசையை இயக்கும் இழை விரல் தசைவரை அறுபடாமல் ஒரே இழையாகவே போகிறது. வழியில் கூட வரும் இழைகள்தான் மாறுகின்றன.

படி 2: சி5, சி6 சேர்ந்தால் மேல் ட்ரங்க் (தண்டு). சி7 தனியாக நடு ட்ரங்க். சி8, டி1 சேர்ந்தால் கீழ் ட்ரங்க்.

படி 3: ஒவ்வொரு ட்ரங்கையும் முன், பின் என்று பிரியுங்கள். நிறத்துக்கு இரண்டு இழை பின்னால், இரண்டு முன்னால். டி1 மட்டும் நான்குமே முன்னால். பின்பக்கம் அதன் பங்கு மிகக் குறைவு.

படி 4: மூன்று பின்பகுதியும் சேர்ந்து பின் கார்டு (வடம்), 8 இழை. மேல், நடு ட்ரங்குகளின் முன்பகுதிகள் சேர்ந்து வெளி கார்டு, 6 இழை. கீழ் ட்ரங்கின் முன்பகுதி தனியாக உள் கார்டு, அதுவும் 6. எண்ணிக்கை இடித்தால் படி 3க்குத் திரும்புங்கள்.

படி 5: இனி கைக்குப் போகும் ஐந்து நரம்புகள். பின் கார்டிலிருந்து சி5, சி6 ஒவ்வோர் இழை ஆக்சிலரி, மிச்சமெல்லாம் ரேடியல். வெளி கார்டில் சி6, சி7 ஒவ்வொன்றை ஒதுக்கி வையுங்கள், மற்றவை மஸ்குலோகியூட்டேனியஸ். உள் கார்டை நிறவாரியாகப் பாதியாக்கினால் ஒரு பாதி அல்னார். இன்னொரு பாதியும் ஒதுக்கி வைத்த இரண்டும் சேர்ந்தால் மீடியன். அதில் நாலு நிறம் தெரிந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

அல்னாரில் இரண்டே நிறம். முழங்கை உட்புற எலும்புக்குப் பின்னால் தோலை ஒட்டி ஓடுவது இதுதான். அமுச்சி கதவு நிலையில் முழங்கையை இடித்துக்கொண்டு "சுண்டுவிரல் வரைக்கும் கரண்டு அடிக்குது"ன்னு சொன்னபோது, சி8 நிற நூலைத்தான் தொட்டுக் காட்டினேன்.

பின்சேர்க்கை: "கழுத்தெலும்பு ஏழுதானே, சி8 எங்கிருந்து வந்தது?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சி1 முதல் சி7 வரை நரம்புகள் தத்தம் எலும்புக்கு மேலே வெளிவரும். ஏழாவது எலும்புக்குக் கீழே வருவதற்கு எண் மிச்சமில்லை, அதனால் அது சி8. டி1 முதல் எல்லாம் அந்தந்த எலும்புக்குக் கீழே.

இன்னொருவர் எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டிவிட்டாராம். ஒட்டாதீங்க. வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) முந்தின ராத்திரி பிரித்துப் பிரித்துக் கோக்கத்தானே இது!