எம்.பி. ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி? சோம்நாத் சாட்டர்ஜியை வைத்து ஒரு செய்முறை

மேற்கு வங்கத்தைச் சேர்ந்த முன்னாள் மக்களவை சபாநாயகர் சோம்நாத் சாட்டர்ஜி 'பத்து முறை எம்.பி.' என்று எழுதுகிறவரிடம் எந்தப் பத்து என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். அதனால் முதலில் அட்டவணை போடுங்கள். எத்தனையாவது மக்களவை, ஆண்டு, தொகுதி, பொதுத்தேர்தலா இடைத்தேர்தலா, வகித்த பொறுப்பு என்று ஐந்து நெடுவரிசைகள் போதும். தோற்ற தேர்தலுக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். அதை விட்டால்தான் கணக்கு கெடும்.

சாட்டர்ஜிக்கு நிரப்பினால் இப்படி வரும்: 1971 பர்த்வான், 1977, 1980 ஜாதவ்பூர், 1984 ஜாதவ்பூரில் மம்தா பானர்ஜியிடம் தோல்வி, 1985 போல்பூர் இடைத்தேர்தலில் வெற்றி, அதே போல்பூரில் 1989, 1991, 1996, 1998, 1999, 2004. வெற்றிகளை எண்ணிப் பாருங்கள், பத்து. 5-வது மக்களவை முதல் 14-வது வரை எல்லாவற்றிலும் அவர் பெயர் இருப்பதால், தோற்றதே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். 8-வது மக்களவைக்குள் அவர் இடைத்தேர்தல் வழியாக நுழைந்தது உறுப்பினர் பட்டியலை மட்டும் பார்த்தால் தெரியாது. தேர்தல் ஆணையத்தின் முடிவு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறப்பு, படிப்புக்கு இரண்டு வரி போதும்: 1929 ஜூலை 25, அசாமின் தேஜ்பூர்; பாரிஸ்டர். தந்தைக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி கொடுக்கலாம். என்.சி. சாட்டர்ஜி இந்து மகாசபைத் தலைவராக இருந்தவர், மகன் 1968-ல் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். தந்தை வென்ற பர்த்வானில்தான் மகனும் முதலில் வென்றார்.

அடுத்து அவைப் பேச்சுகள். நாடாளுமன்ற மின்னூலகத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் 2004 வரை ஏராளமாகக் கிடைக்கும், பிறகு திடீரென வறண்டுவிடும். அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. 2004 ஜூன் 4-ல் சபாநாயகரானார். அவைக் குறிப்பில் சபாநாயகர் பேச்சு பதவிப் பெயரில்தான் பதிவாகும். சபாநாயகர் கேள்வி நேரத்தில் கேள்வி கேட்பதும் இல்லை. ஆகவே அந்த ஐந்தாண்டைத் தேதி வைத்துத் தேடுங்கள். உதாரணத்துக்கு 2005 டிசம்பர்: கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் மக்களவை உறுப்பினர்கள் 10 பேர் நீக்கப்பட்ட நாட்கள். அமைச்சரான எம்.பி.க்களுக்கும் இதே எச்சரிக்கைதான்: அவர்கள் பதில் சொல்பவர்கள், கேள்விக் கணக்கில் வரமாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு 'அவையில் வாய் திறக்காதவர்' என்று தீர்ப்பு எழுதினால் மானம் போகும்.

மிக அதிகம் தவறுவது 2008-ல். 'அரசுக்கு ஆதரவாக வாக்களித்ததால் கட்சி நீக்கியது' என்று எழுதுகிறார்கள். தவறு. அரசமைப்பின் 100-வது பிரிவுப்படி இரு தரப்பும் சமமாக நின்றால் மட்டுமே சபாநாயகர் வாக்களிப்பார். ஜூலை 22 நம்பிக்கை வாக்கெடுப்பில் 275-க்கு 256; அவர் வாக்குக்கு இடமே இல்லை. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் மன்மோகன் சிங் அரசுக்குத் தந்த ஆதரவை விலக்கியபோது, பதவி விலகச் சொன்ன கட்சியின் பேச்சை அவர் ஏற்கவில்லை. வாக்கெடுப்புக்கு மறுநாள், 23-ம் தேதி, நீக்கினார்கள். எம்.பி. பதவி ஏன் போகவில்லை என்று வாசகர் கேட்பார். கட்சித் தாவல் தடைச் சட்டம் தானாகக் கட்சியை விட்டவரையும் கொறடா உத்தரவை மீறியவரையும்தான் பிடிக்கும், கட்சி நீக்கியவரை அல்ல. இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

விருதுகளில் 1996-ன் சிறந்த நாடாளுமன்றவாதி விருது ஒன்று போதும். ஊர்ப் பெயர்களுக்கு ஒரே எழுத்துமுறையை வைத்துக்கொள்ளுங்கள். பர்த்வானும் பர்தமானும் ஒரே ஊர், இரண்டையும் கலந்தால் இரண்டு தொகுதியாகத் தெரியும்.

கடைசி வரியிலும் கவனம் வேண்டும். 2018 ஆகஸ்ட் 13-ல் இறந்தவரை 'மார்க்சிஸ்ட் மூத்த தலைவர்' என்று முடிக்காதீர்கள். கட்சி அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. உடல்மீது செங்கொடி போர்த்த வந்தபோது குடும்பத்தார் சம்மதிக்கவும் இல்லை. 'முன்னாள் மக்களவை சபாநாயகர்' என்பதே சரி.