ஒரே எழுத்தில் தொடங்கும் ஆங்கிலப் பாடல்கள்: ‘ஒய்’ வரிசையில் ஒரு பிளேலிஸ்ட் போடுவது எப்படி?

ஆங்கிலப் பாட்டு கேட்க ஆசைதான், எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை என்பவர்களுக்கு நான் சொல்கிற வழி இது: ஒரு எழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்தில் தலைப்பு தொடங்கும் பாடல்களை மட்டும் தேடி ஒரு பிளேலிஸ்ட் போடுங்கள். ‘சிறந்த நூறு பாடல்கள்’ மாதிரியான பட்டியல்கள் எல்லாம் யாரோ ஒருவருடைய ரசனை. எழுத்துக்கு அப்படி எந்தப் பாரபட்சமும் கிடையாது. 1965-இல் வந்த பாட்டையும் 2004-இல் வந்த பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடும், அப்போதுதான் இரண்டுக்கும் நடுவில் இசை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று நம் காதுக்கே தெரியும்.

படி 1: எழுத்தைத் தேர்ந்தெடுங்கள்

எஸ், டி, ஐ மூன்றும் முதல் முயற்சிக்கு வேண்டாம், பாடல்கள் கொட்டிக் கிடக்கின்றன. எல் எடுத்தால் ‘லவ்’ என்ற ஒரே சொல்லில் மூழ்கிவிடுவீர்கள். எக்ஸ், இசட் பக்கம் போனால் பத்துப் பாட்டு தேறுவதே பாடு. எனக்குப் பிடித்தது ஒய். அதில் பாதிக்கு மேல் ‘யூ’ என்றுதான் தொடங்கும், அதாவது எதிரில் இருக்கிற ஒருவரைப் பார்த்துப் பேசுகிற பாட்டுகள். கெஞ்சல், கோபம், ஆறுதல், நன்றி எல்லாம் ஒரே சொல்லில் இருந்து கிளம்புவதைக் கேட்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

படி 2: ஓசையை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள்

நம் ஆட்கள் இடறுகிற இடம் இதுதான். தமிழில் எழுதினால் ‘யூ’ என்று வருவதெல்லாம் ஒய் ஆகிவிடாது. எம்.சி. ஹாமரின் ‘யூ கான்ட் டச் திஸ்’ (1990) பாட்டின் தலைப்பில் இருப்பது யு என்ற ஒற்றை எழுத்து. கிங்ஸ் ஆஃப் லியோனின் ‘யூஸ் சம்படி’யும் யு வரிசைதான். 2012 யூரோவிஷன் போட்டியில் சுவீடனுக்காக லோரீன் பாடி வென்ற ‘யூஃபோரியா’ இ-யில் தொடங்குகிறது. இன்னொரு பக்கம், வில்லேஜ் பீப்பிள் குழுவின் ‘ஒய்.எம்.சி.ஏ.’ (1978) தமிழில் ஒ-வில் தொடங்கினாலும் நம் பட்டியலில் அதற்குக் கண்டிப்பாக இடம் உண்டு. அதனால் தலைப்பை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் சேருங்கள்.

படி 3: விதிகளை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்

முன்னால் வரும் ‘தி’, ‘எ’ இரண்டையும் கணக்கில் எடுக்காதீர்கள். மிட்ச் மில்லரின் ‘தி யெல்லோ ரோஸ் ஆஃப் டெக்சஸ்’ (1955) அப்படித்தான் ஒய்-க்குள் வருகிறது.

அடைப்புக்குறிதான் கொஞ்சம் தலைவலி. அரீதா ஃபிராங்க்ளினின் 1967 பாட்டு ஒன்று, ‘(யூ மேக் மி ஃபீல் லைக்) எ நேச்சுரல் உமன்’. அடைப்புக்குறிக்குள் இருப்பதும் தலைப்பின் பகுதிதானே, அதனால் என் கணக்கில் அது ஒய். வேண்டாம், வெளியே இருப்பதைத்தான் எடுப்பேன் என்றால் அது ‘நேச்சுரல்’ தொடங்கும் ‘என்’ எழுத்து வரிசைக்குப் போகும். எப்படி வைத்துக்கொண்டாலும் சரி, கடைசி வரை அதே விதி இருக்கட்டும். பாட்டுக்குப் பாட்டு விதியை மாற்றினால் பட்டியல் குழம்பிவிடும்.

படி 4: முதலில் நினைவில் இருந்து, பிறகு தேடல்

ஒரு நோட்டில் தலைப்பு, பாடியவர், ஆண்டு, நேரம் என்று நான்கு கட்டம் போடுங்கள். எங்கேயோ காதில் விழுந்ததை எல்லாம் முதலில் எழுதுங்கள், அதற்குப் பிறகு ஸ்பாட்டிஃபையிலோ யூடியூபிலோ தேடுங்கள். ‘யூ’ என்று மட்டும் தட்டினால் வெள்ளம்தான் வரும். ‘யூ ஆர்’, ‘யூ காட்’, ‘யெஸ்டர்டே’, ‘யெல்லோ’ என்று இரண்டாவது சொல்லோ முழுச் சொல்லோ சேர்த்துத் தட்டுங்கள்.

தலைப்பைச் சரிபார்க்காமல் சேர்க்காதீர்கள். நமக்கு நினைவில் நிற்பது பல நேரம் தலைப்பாக இருக்காது, முதல் வரியாக இருக்கும். ஃபிராங்கி வாலி 1967-இல் பாடிய ஒரு பாட்டு ‘யூ ஆர்’ என்று தொடங்குவதால் பலரும் அதை ஒய்-யில் தேடுவார்கள், ஆனால் அதன் தலைப்பு ‘கான்ட் டேக் மை ஐஸ் ஆஃப் யூ’, போக வேண்டிய இடம் சி.

நேரக் கட்டம் எதற்கு என்று கேட்டால், ரைட்டியஸ் பிரதர்ஸ் 1964-இல் வெளியிட்ட ‘யூ’வ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலின்’ பாட்டுக்காக. அந்தக் காலத்து வானொலிக்காரர்களுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் போனாலே முகம் சுளிக்கும், பாட்டோ 3 நிமிடம் 45 வினாடி. தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் இசைத்தட்டின் லேபிளில் 3:05 என்று அச்சடிக்க வைத்தார். அந்த நூற்றாண்டில் அமெரிக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மிக அதிகமாக ஒலித்த பாட்டு அதுதான் என்று பாடலாசிரியர்களுக்கு உரிமைத்தொகை வசூலித்துத் தரும் பிஎம்ஐ அமைப்பு 1999-இல் அறிவித்தது.

படி 5: ஒரே தலைப்பு, இரண்டு குரல்

ஒரே பாட்டை வேறு வேறு ஆட்கள் பாடியிருந்தால் இரண்டையும் சேருங்கள். ‘யூ’வ் காட் எ ஃபிரெண்ட்’ பாட்டை எழுதியவர் கரோல் கிங் (மேலே சொன்ன அரீதா பாட்டை உருவாக்கியவர்களிலும் இவர் ஒருவர்). 1971-இல் அவரும் பாடினார், அதே ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் பாடியது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. கரோல் பியானோவில் பாடுகிறார், ஜேம்ஸ் கிட்டாரில். ஆறுதல் சொல்கிற சொற்கள் இரண்டிலும் ஒன்றுதான், சொல்கிற ஆள் மட்டும் மாறிவிடுகிறார். ‘யூ கான்ட் ஹரி லவ்’ பாட்டுக்கும் இப்படி இரண்டு வடிவம் உண்டு: சுப்ரீம்ஸ் 1966, ஃபில் காலின்ஸ் 1982.

படி 6: வரிசைப்படுத்திக் கேளுங்கள்

ஆண்டு வரிசை வேண்டாம், முரண்பாடுகளை ஒட்ட வையுங்கள். என் பிளேலிஸ்டில் முதல் பாட்டு கிங்க்ஸ் குழுவின் ‘யூ ரியலி காட் மி’ (1964). கிட்டார் ஒலி கரகரவென்று கிழிந்து வரும், ஏனென்றால் டேவ் டேவிஸ் தன் ஒலிபெருக்கியின் கூம்பை நிஜமாகவே பிளேடால் கீறி வைத்திருந்தார். அது முடிந்த கையோடு பீட்டில்ஸின் ‘யெஸ்டர்டே’ (1965). இரண்டு நிமிடம் ஐந்து வினாடிதான். பீட்டில்ஸ் பாட்டு என்று பெயர், ஆனால் ஒலிப்பதிவில் இருந்தது பால் மெக்கார்ட்னியும் அவர் கிட்டாரும் நான்கு தந்தி வாத்தியக்காரர்களும் மட்டுமே. மெட்டு தூக்கத்தில் வந்ததாம், சொல் வரவில்லை, அதனால் பல மாதம் அதை ‘முட்டைப் பொடிமாஸ்’ என்கிற அர்த்தத்தில் சும்மா பாடிக்கொண்டிருந்தார். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்: முதல் சரணம் முழுக்கக் கிட்டார் மட்டும், இரண்டாவது சரணம் தொடங்கும்போது பின்னால் இருந்து வயலின்கள் மெல்ல உள்ளே வரும். அந்த இடத்தில் நான் எப்போதும் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவேன்.

அடுத்து கார்லி சைமனின் ‘யூ ஆர் சோ வெயின்’ (1972). பல்லவியில் பின்குரலைக் கவனியுங்கள், அது ரோலிங் ஸ்டோன்ஸின் மிக் ஜாகர், இசைத்தட்டில் பெயர் போடாமலே பாடியிருக்கிறார். அதற்குப் பிறகு அஷரின் ‘யா!’ (2004), கோல்ட்பிளேயின் ‘யெல்லோ’ (2000), டெய்லர் ஸ்விஃப்டின் ‘யூ பிலாங் வித் மி’. இந்தக் கடைசிப் பாட்டை அவர் 2021-இல் மறுபடியும் ஒலிப்பதிவு செய்திருப்பதால், தேடும்போது அடைப்புக்குறியோடு ஒன்றும் இல்லாமல் ஒன்றும் வரும். குரல் முதிர்ந்திருப்பதைக் கேட்க வேண்டும் என்றால் இரண்டையும் போடுங்கள்.

முடிவில் எல்டன் ஜானின் ‘யுவர் சாங்’ (1970). சொற்கள் பெர்னி டாப்பினுடையவை, எழுதும்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பணம் இல்லாதவன் பரிசாகத் தருவது இந்தப் பாட்டைத்தான் என்பது அதன் சாரம். ‘யூ’ என்று யார் யாரையோ பார்த்துப் பேசி வந்த பட்டியலை அதில் முடித்துவிட்டு, ஷஃபிள் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, முதலில் இருந்து ஓட விடுங்கள்.