சைக்கிளை இடித்தது பெரிய இடத்துக் காரா? வழக்கு நீர்த்துப் போகாமல் பார்ப்பது எப்படி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். சிப்காட் ஷிஃப்டுக்கும் கொத்து வேலைக்கும் சைக்கிளில் போகிறவர்களைக் கார் இடித்த வழக்குகள் எங்கள் ஆபீஸுக்கு வந்தபடியே இருக்கின்றன. இடித்தவர் வசதியானவர் என்றால் பல நேரம் தீர்ப்பன்று அபராதத்தைக் கட்டிவிட்டுக் காரேறிப் போய்விடுகிறார். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. தண்டனை குறைவதற்கான வேலை முதல் சில நாளிலேயே ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் முடிந்துவிடுகிறது. குடும்பத்தார் அப்போதே விழித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் புகார். கடலூர்–புதுச்சேரி சாலையில் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில் பக்கம் தமிழ்நாடு எங்கே முடிகிறது, புதுச்சேரி எங்கே தொடங்குகிறது என்று உள்ளூர்க்காரருக்கே குழப்பம் வரும். "இது எங்க லிமிட் இல்ல" என்று சொன்னால் நகராதீர்கள். எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

நகல் கைக்கு வந்ததும் பிரிவு எண்ணைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. வெறும் 281, அதாவது கண்மூடித்தனமாக ஓட்டியது மட்டும் என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். சாதாரணக் காயத்துக்கு 125(ஏ), 5,000 ரூபாய் அபராதத்தோடேயே முடியலாம். கொடுங்காயத்துக்கு 125(பி), மூன்று ஆண்டு வரை போகலாம். எலும்பு முறிந்தாலே சட்டப்படி கொடுங்காயம்தான். அதனால் ஜிப்மரோ அரசு ஆஸ்பத்திரியோ, காயச் சான்றில் எக்ஸ்ரே முடிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். உயிர் போனால் 106(1), ஐந்து ஆண்டு வரை.

குடிவாடை அடித்திருந்தால் ரத்தம் எடுத்தார்களா, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கேளுங்கள். மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006-ல் நடைபாதையில் தூங்கிய ஏழு பேர் செத்த வழக்கில் விசாரணைக் கோர்ட் கொடுத்தது ஆறு மாதம். ஹைகோர்ட் அதைக் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று எடுத்து மூன்று ஆண்டாக்கியது. 2012-ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. மது குடித்திருந்தார் என்பது அந்த வழக்கில் முக்கியமான ஆதாரம்.

இன்னொன்று, ஆள் மாற்றுவது. வீட்டுப் பிள்ளை ஓட்டியிருப்பார், சம்பள டிரைவர் வந்து சரணடைவார். ஓட்டியவர் யார் என்று சொல்லும் கடமை மோட்டார் வாகனச் சட்டம் 133-ன்படி உரிமையாளருக்கு உண்டு. வழியில் உள்ள டீக்கடை, பெட்ரோல் பங்க் கேமராப் பதிவுகள் அழியும் முன் எடுத்து வைக்கும்படி போலீசுக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

அப்புறம் அந்த சைக்கிள். இதைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். ஸ்டேஷன் வாசலில் மழையில் துருப்பிடிக்கும், அல்லது வீட்டுக்கு வந்ததும் மனசு தாங்காமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். போடாதீர்கள். "சைக்கிள்காரன் திடீர்னு குறுக்கே வந்துட்டான்" என்பதுதான் எதிர்த்தரப்பின் வழக்கமான வாதம். பின்சக்கரம் எட்டு போட்டது போல் நெளிந்து, கேரியர் சீட்டை நோக்கி மடங்கி, முன்சக்கரம் நேராக இருந்தால் அடி பின்னாலிருந்துதான் விழுந்திருக்கிறது. பின் மட்கார்டில் கார் பெயின்ட் ஒட்டியிருக்கிறதா பாருங்கள், துடைக்காதீர்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள். சிவப்பு ரிஃப்ளெக்டர் உடைந்து கிடந்தால் அதையும், கிடந்த இடத்தோடு. பார்வை மகஜரிலும் (விபத்து இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு) வரைபடத்திலும் இவை வந்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சமரசம் பேச ஆள் வரும். பணத்துக்காக அதில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இழப்பீடு வாங்க விபத்துத் தீர்ப்பாயம் தனியாக இருக்கிறது. மனு போட ஆறு மாதம் என்று சட்டம் வைத்திருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து கூடவே கூடாது.

கோர்ட்டில் அரசு வக்கீலுக்கு உதவியாக உங்கள் வக்கீலும் இருக்கலாம், நீதிபதியிடம் அனுமதி கேட்கவேண்டும். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையானாலோ, குறைந்த பிரிவில் தண்டிக்கப்பட்டாலோ நீங்களே அப்பீல் போகலாம். தண்டனை போதாது என்பதற்கு மட்டும் அரசுதான் அப்பீல் போக முடியும். ஆகவே தீர்ப்பு நகல் கிடைத்த அன்றே, அப்பீல் போகச் சொல்லி அரசு வக்கீலுக்கும் கலெக்டருக்கும் மனு கொடுத்து, இரண்டுக்கும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.