ரெமிங்டன் 700-க்குப் புது ட்ரிகர்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

வேட்டை ரைஃபிளுக்கு ட்ரிகர் மாற்றலாமா என்று யோசிக்கிற எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி, "எவ்வளவு லேசாக்கலாம்?" என்பதுதான். அங்கேயே பாதி பேர் தடம் மாறிவிடுகிறார்கள். நல்ல ட்ரிகர் என்பது லேசான ட்ரிகர் இல்லை. விரலை அழுத்தும்போது நகராமல், உரசாமல், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே அழுத்தத்தில் சட்டென்று விடுபடுவதுதான் நல்ல ட்ரிகர். அப்படி மூன்று பவுண்டு அழுத்தத்தில் விடுபடுகிற ட்ரிகரோடு ஒரு வாரம் பழகினால், கரகரவென்று இழுபடுகிற இரண்டு பவுண்டு ட்ரிகரைத் திரும்பத் தொட மாட்டீர்கள்.

ரெமிங்டன் 700-ஐ வைத்தே சொல்லப்போகிறேன். 1962-இல் வந்த ரைஃபிள், இன்றும் அமெரிக்காவில் எந்த மான் வேட்டை முகாமுக்குப் போனாலும் ஒன்றாவது கண்ணில் படும். அதைவிட முக்கியம், பெர்காரா பி-14 மாதிரி வேறு பல ரைஃபிள்களும் 700-க்கான ட்ரிகரையே ஏற்றுக்கொள்ளும்படி செய்யப்படுவதால், இதைப் புரிந்துகொண்டால் மற்றதும் புரியும். டெக்சாஸ், பென்சில்வேனியா, ஒன்டாரியோ என்று உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிற நம்மவர்களுக்காக எழுதுவது இது. ஊரில் இருப்பவர்கள் சும்மா படித்துக்கொள்ளலாம், 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அங்கே வேட்டை ஏறத்தாழ முடிந்த கதை.

படி 1: இப்போது இருப்பது எந்த ட்ரிகர் என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள், ஏனென்றால் 700 விஷயத்தில் இது ரசனை சம்பந்தப்பட்டது இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

700-இல் 2006 வரை வந்த ட்ரிகருக்கு, அதை வடிவமைத்த பொறியாளர் மைக் வாக்கரின் பெயரால் வாக்கர் ட்ரிகர் என்று பெயர். அதற்குள்ளே கனெக்டர் என்று ஒரு மெல்லிய தகடு உண்டு. அது ட்ரிகரோடு ஒட்டியிருக்காது, ஸ்பிரிங் அழுத்தத்தில் சாய்ந்துதான் நிற்கும். ஒவ்வொரு தடவை சுடும்போதும் கொஞ்சம் விலகிப்போய்த் திரும்பித் தன் இடத்துக்கு வர வேண்டும். இடையில் தூசியோ துருவோ கெட்டிப்பட்ட எண்ணெயோ புகுந்துகொண்டால் முழுசாகத் திரும்பாமல் நின்றுவிடலாம், அப்போது சியரை, அதாவது தோட்டாவை அடிக்கிற ஃபயரிங் பின்னை நிறுத்தி வைத்திருக்கிற உறுப்பை, தாங்கிப் பிடிக்கிற விளிம்பு நூலளவுதான் மிஞ்சும். விரலே படாமல், சேஃப்டியை (சுடாமல் தடுக்கிற பூட்டை) தள்ளியபோதோ போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற கம்பியை) தொட்டபோதோ வெடித்தது என்று பல ஆண்டுகளாகப் புகார்களும் வழக்குகளும் வந்தன. 2000-ஆம் ஆண்டு மொன்டானாவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அப்படித்தான் இறந்தான் என்று குடும்பம் சொன்னது. ட்ரிகரில் குறை இல்லை என்பதுதான் கம்பெனியின் நிலைப்பாடு, ஆனாலும் கடைசியில் ஒரு கூட்டு வழக்கில் சமரசமாகி, ட்ரிகரை இலவசமாக மாற்றித்தர ஒப்புக்கொண்டது. அந்தக் கோரிக்கைக் காலம் முடிந்துவிட்டது.

வாக்கருக்குப் பதிலாக 2006-இல் வந்தது எக்ஸ்-மார்க் ப்ரோ. அதிலும் நிம்மதி இல்லை. தொழிற்சாலையில் திருகை அசையாமல் பிடிக்கப் போட்ட பசை சிலவற்றில் அதிகமாகிவிட்டது என்று சொல்லி, 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்த ரைஃபிள்களைத் திரும்ப அழைத்தார்கள்.

உங்களுடையது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரல் படுகிற முகத்தைத் தடவிப் பாருங்கள். கோடு கோடாக வரி இருந்தால் அது எக்ஸ்-மார்க் ப்ரோ இல்லை, பெரும்பாலும் வாக்கர். வழவழவென்று இருந்தால் எக்ஸ்-மார்க் ப்ரோவாக இருக்கலாம். அப்பா காலத்து ரைஃபிள் என்று யாராவது கொடுத்து அதில் வாக்கர் ட்ரிகர் இருந்தால், "எனக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை" என்கிற பேச்சைக் கேட்காதீர்கள். மாற்றிவிடுங்கள், அதுவரை அந்த ரைஃபிளில் தோட்டா போடாதீர்கள். இன்னொரு விஷயம், 1982-க்கு முன் செய்த பல 700-களில் சேஃப்டி போட்டிருந்தால் போல்ட் திறக்காது, உள்ளே இருக்கிற தோட்டாவை எடுக்கவே சேஃப்டியை விலக்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு ரைஃபிள் கையில் இருந்தால் மாற்றுவதற்கு இரண்டாவது காரணமும் கிடைத்துவிட்டது.

படி 2: அளந்து பாருங்கள்

ட்ரிகர் எடையை, அதாவது அது விடுபடத் தேவையான அழுத்தத்தை, அளக்கிற கருவி டிஜிட்டலாகவும் ஸ்பிரிங் வைத்ததாகவும் கிடைக்கும், சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் யாரிடமாவது கேட்டாலே இரவலாகக் கிடைக்கும். ரைஃபிள் காலி என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, கொக்கியை ட்ரிகரின் நடுவில் மாட்டி, நேர் பின்னால் மெதுவாக இழுங்கள். பத்து தடவை இழுத்து எழுதி வையுங்கள். சராசரியைவிட அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஐந்து பவுண்டு என்றாலும் பத்துமுறையும் ஐந்தை ஒட்டியே வந்தால் அது பழகிக்கொள்ளக்கூடிய ட்ரிகர். நாலு, ஐந்தரை, நாலேகால் என்று ஆடினால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் விரலுக்குப் பிடிபடாது.

அளந்த பிறகு மாற்றவே தேவையில்லை என்று தெரியவும் வாய்ப்பு இருக்கிறது. டிக்கா டி3 போன்றவற்றில் வருகிற ட்ரிகரே நன்றாக இருக்கும், ஒரு திருகைத் திருப்பினால் போதும். சாவேஜ் கம்பெனியின் அக்யூட்ரிகரும் அப்படித்தான். அந்தக் காசுக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள், மான் கிடைக்க அதுதான் அதிகம் உதவும்.

படி 3: எத்தனை பவுண்டு?

வேட்டைக்கு இரண்டரையிலிருந்து மூன்றரை பவுண்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ட்ரிகர் என்றால் மூன்று, அதாவது சுமார் 1.36 கிலோ. பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தில் ஓட்டை போடுகிறவர்கள் சில அவுன்ஸ் அளவுக்கெல்லாம் இறக்குவார்கள், அவர்கள் விளையாட்டு வேறு. நீங்கள் நவம்பர் விடியற்காலையில் மரத்தின் மேல், கையுறை போட்டுக்கொண்டு, விரல் மரத்துப்போய், நாலு மணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு கொம்பு தெரிந்து நெஞ்சு படபடக்கும்போது சுடப்போகிறீர்கள். அந்த விரலுக்கு ஒரு பவுண்டு அழுத்துவது தெரியவே தெரியாது. நீங்கள் நினைப்பதற்கு முன்பே வெடித்துவிடும்.

சரி, அதிக எடையாக இருந்தால் என்ன கெட்டுப்போய்விடும்? ரைஃபிளின் எடை ஏழெட்டு பவுண்டுதான். ட்ரிகரை அசைக்க ஆறு பவுண்டு விசை வேண்டுமென்றால், அந்த விசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்க் குழலையும் அசைக்கும். மூன்றுக்கு இறக்கினால் அந்தத் தள்ளல் பெருமளவு குறைந்துவிடும். அதற்கும் கீழே போவதில் வேட்டைக்காரருக்குக் கிடைக்கிற லாபம் கொஞ்சம்தான், ஆபத்துதான் கூடும்.

படி 4: ஒரு நிலையா, இரண்டு நிலையா

ஒரு நிலை ட்ரிகரில் விரல் வைத்ததும் கல் மாதிரி நிற்கும், அழுத்தம் போதுமான அளவுக்கு வந்ததும் விடுபடும். இரண்டு நிலையில் முதலில் கொஞ்சம் தூரம் லேசாகப் பின்னால் வரும், ஒரு சுவரில் முட்டும், அதற்கு மேல் அழுத்தினால்தான் சுடும். பழைய மவுசர் 98, லீ-என்ஃபீல்டு போன்ற ராணுவ ரைஃபிள்களில் எல்லாம் இரண்டு நிலைதான், பதற்றத்தில் விரல் பட்டாலும் உடனே வெடிக்கக் கூடாது என்பது அதன் நல்ல குணம். கையுறையோடு சுடுகிற குளிர் மாநிலத்துக்காரர் இதை யோசிக்கலாம், 700-க்கு கைஸ்லி கம்பெனி ஒன்று செய்கிறது. அதைத் தவிர 700-க்குக் கிடைக்கிறவை பெரும்பாலும் ஒரு நிலைதான், புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுவே எளிது.

முகம் வளைவாகவா தட்டையாகவா என்று இணையத்தில் சண்டையே நடக்கும். விரல் எங்கே வசதியாக உட்காருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: சேஃப்டியும் போல்ட் ரிலீஸும்

தவறான பெட்டி வீட்டுக்கு வந்து சேருவது பெரும்பாலும் இங்கேதான். 700-இல் சேஃப்டி என்பது ட்ரிகரோடு சேர்ந்த உறுப்பு, ட்ரிகரை மாற்றினால் சேஃப்டியும் மாறும். போட்டிக்கென்று சேஃப்டியே இல்லாமல் சில ட்ரிகர் விற்கிறார்கள், வேட்டைக்கு அது வேண்டவே வேண்டாம். இடதுகை ரைஃபிள் என்றால் இடதுகைக்கான ட்ரிகரைக் கேட்டு வாங்க வேண்டும், சேஃப்டி நெம்புகோல் மறுபக்கம் இருக்கும்.

அப்புறம் போல்ட் ரிலீஸ். ரெமிங்டன் செய்த 700-இல், போல்ட்டை முழுதாக வெளியே எடுக்க அழுத்துகிற சின்ன நாக்கு ட்ரிகருக்கு முன்னால், ட்ரிகரைச் சுற்றியிருக்கிற வளையத்துக்குள்ளேயே இருக்கும். பெர்காரா மாதிரியானவற்றில் அது ரைஃபிள் உடம்பின் பக்கவாட்டில் இருக்கும். அதனால் ஒரே ட்ரிகரைப் போல்ட் ரிலீஸோடும் இல்லாமலும் இரண்டு விதமாக விற்பார்கள். உங்களுடையது எந்த வகை என்று பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

படி 6: பெயர்கள்

டிம்னி 1946-இலிருந்து ட்ரிகர் மட்டுமே செய்து பிழைக்கிற கம்பெனி, இப்போது இருப்பது அரிசோனாவில். அவர்களுடைய 510 என்கிற ட்ரிகர் தொழிற்சாலையிலிருந்தே மூன்று பவுண்டுக்கு வைக்கப்பட்டு வரும், ஒன்றரையிலிருந்து நாலு வரை மாற்றலாம். ட்ரிகர்டெக் கனடாக்காரர்கள். சியருக்கும் ட்ரிகருக்கும் நடுவில் ஒரு குட்டி உருளையை வைத்து, இரும்பும் இரும்பும் உரசுவதற்குப் பதிலாக உருளும்படி செய்திருக்கிறார்கள். அவர்களுடைய ப்ரைமரி என்பதும் ஒன்றரையிலிருந்து நாலு வரை. இரண்டுமே நூற்றைம்பது டாலரைச் சுற்றி வரும். என்னைக் கேட்டால் மான் வேட்டைக்கு இவற்றில் எதை வாங்கினாலும் போதும், ட்ரிகர்டெக்கின் டயமண்ட் போன்ற முந்நூறு டாலர் ட்ரிகர்களின் அருமை பெஞ்சில்தான் தெரியும். டெக்சாஸ்காரர்களான ஜுவலின் ட்ரிகர் துல்லியத்துக்குப் பேர்போனது, ஆனால் உள்ளே திறந்த அமைப்பு என்பதால் மண்ணுக்கும் தூசிக்கும் அவ்வளவு ஆகாது.

படி 7: மாட்டுவது

போல்ட்டை எடுத்துவிட்டு, குழலின் பின்பக்கம் தோட்டா உட்காருகிற அறை காலி என்று பார்த்துவிட்டு, அடியில் இருக்கிற திருகுகளைக் கழற்றினால் இரும்பு உடம்பு கட்டையிலிருந்து (தோளில் வைத்துப் பிடிக்கிற ஸ்டாக்) தனியாக வரும். ட்ரிகரைப் பிடித்திருப்பவை குறுக்கே போகிற இரண்டு ஊசிகள். ஊசியைவிடச் சற்று மெல்லிய பஞ்ச் வைத்து, லேசான சுத்தியலால் தட்டி வெளியே தள்ளுங்கள். ஊசி வெளியே வரும்போது இடது பக்கம் இருக்கிற, போல்ட் வெளியே வந்துவிடாமல் தடுக்கிற போல்ட் ஸ்டாப்பும் அதன் குட்டி ஸ்பிரிங்கும் துள்ளிப் பறக்கும். பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக்கொண்டு வேலை செய்தால் தரையில் தவழ்ந்து தேட வேண்டியிருக்காது. கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், அந்த ஸ்பிரிங் எப்படி உட்கார்ந்திருந்தது என்பது பத்து நிமிஷத்தில் மறந்துபோகும்.

புதியதை வைத்து, போல்ட் ஸ்டாப்பையும் ஸ்பிரிங்கையும் பழையபடி பொருத்தி, ஊசிகளைத் தட்டி ஏற்றுங்கள். பிறகு கட்டைக்குள் இறக்கிப் பார்க்க வேண்டும். சில ட்ரிகரின் உடம்பு பழையதைவிட அகலம், கட்டையின் உள்பக்கத்தில் முட்டும், சேஃப்டி நெம்புகோலும் உரசலாம். முட்டினால் அழுத்தித் திருகை இறுக்கிவிடாதீர்கள், முட்டுகிற இடத்தில் கட்டையைக் கொஞ்சமாகச் சீவ வேண்டும். திருகு இறுக்குவதற்குக் கட்டை செய்தவர்கள் ஒரு அளவு சொல்லியிருப்பார்கள், இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து அந்த அளவுக்கே இறுக்குங்கள்.

பெரும்பாலான ட்ரிகரில் எடை, சியர் பிடிப்பு (சியர் எவ்வளவு மாட்டி நிற்கிறது என்பது), மிகைநகர்வு (விடுபட்ட பிறகும் ட்ரிகர் பின்னால் போகிற தூரம்) என்று மூன்று திருகு வரை இருக்கும். எடைத் திருகை மட்டும் கையேடு சொல்கிற எல்லைக்குள் மாற்றலாம். சியர் பிடிப்பைத் தொடவே தொடாதீர்கள், அதைக் கெடுத்துத்தான் நல்ல ட்ரிகரையும் ஆபத்தாக்குகிறார்கள். உள்ளே எண்ணெயும் விடக் கூடாது, குளிரில் கெட்டியாகும், வெயிலில் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

படி 8: தோட்டா போடுவதற்கு முன் சோதனை

எல்லாம் காலி ரைஃபிளில்தான், குழல் பாதுகாப்பான திசையில். போல்ட்டை முன்னே தள்ளி வேகமாக மூடுங்கள், அடித்து மூடுகிற மாதிரி. பத்துப் பதினைந்து முறை. ஒரு முறைகூட ஃபயரிங் பின் தானாக விழக் கூடாது. அடுத்து, போல்ட்டை மூடி சேஃப்டி போட்டுவிட்டு ட்ரிகரை நன்றாக அழுத்தி விடுங்கள், பிறகு விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை விலக்குங்கள். அந்த நேரத்தில் 'டக்' என்று சத்தம் வந்தால் அதை மறுபடி சரி பார்க்கும்வரை அந்த ரைஃபிள் வேட்டைக்குப் போகாது. அதுவும் தேறினால், சேஃப்டி விலக்கிய நிலையில், கட்டையின் அடியை ரப்பர் சுத்தியலால் நாலா பக்கமும் தட்டுங்கள், அப்போதும் ஃபயரிங் பின் விழக் கூடாது. எதிலாவது தவறினால் நீங்களே திருகைத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காமல் துப்பாக்கி பழுதுபார்க்கிற கன்ஸ்மித்திடம் கொண்டுபோங்கள். இந்த வேலையே கைவராது என்று தோன்றினால் படி 7-ஐயும் அவரிடமே விட்டுவிடலாம், சின்ன வேலைதான், பெரிய கூலி கேட்க மாட்டார்.

கட்டையிலிருந்து கழற்றி மாட்டியதால் குறி கொஞ்சம் விலகியிருக்கும். சீசனுக்கு இரண்டு வாரம் முன்னாலாவது ரேஞ்சுக்குப் போய் நூறு கஜத்தில் மூன்று தோட்டா சுட்டுப் பார்த்து ஸ்கோப்பைத் திருத்திக்கொள்ளுங்கள், வேட்டைக்குப் போடுகிற அதே கையுறையோடு. கழற்றிய ட்ரிகர் எக்ஸ்-மார்க் ப்ரோ என்றால், திரும்ப அழைத்த பட்டியலில் அது இல்லை என்று உறுதியானால், டப்பாவில் போட்டு வைக்கலாம், ரைஃபிளை விற்கும்போது கேட்பார்கள். வாக்கர் என்றால் யாருக்கும் விற்காதீர்கள், இனாமாகவும் கொடுக்காதீர்கள்.